தொடை எலும்பு முறிந்தால் என்ன செய்வது?

தாராவியில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்வோம். கீழே ஓர் அறை. மேலே ஓர் அறை. நடுவில் செங்குத்தான இரும்பு ஏணி. விடியற்காலை. குழாயில் தண்ணீர் வரும் நேரம். பாட்டி குடத்தை எடுக்க ஏணியில் இறங்குகிறார். கடைசிப் படியில் கால் வழுக்கி விழுந்துவிடுகிறார்.

பாட்டியால் எழுந்திருக்க முடியவில்லை. ஒரு கால் சற்றுக் குட்டையாகத் தெரிகிறது. பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடக்கிறது.

அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள்.

"எழுபது வயசுக்கு மேல ஆபரேஷன் தாங்குமா?" என்கிறார் மகன்.

"ஊருக்குக் கூட்டிட்டுப் போய்க் கட்டுப் போட்டா சரியாயிரும்" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

"முதல்ல சயான் ஆஸ்பத்திரிக்குப் போவோம் அண்ணாச்சி. மத்ததை அப்புறம் பேசலாம்" என்கிறார் மருமகள்.

யார் சொல்வது சரி? இதே கேள்வியை உலகின் பல நாட்டு டாக்டர்களும் கேட்டார்கள். ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் ஆராய்ந்து பார்த்தார்கள். அதைப் பற்றித் தெரிந்துகொள்வோம்.

உடம்பிலேயே பெரிய எலும்பு

நம் உடம்பில் மிக நீளமான எலும்பு தொடை எலும்பு. மிகவும் வலிமையானதும் அதுதான். அதன் மேல் முனை ஒரு பந்து போல இருக்கும். அந்தப் பந்து இடுப்புக் குழியில் பொருந்தி இருக்கும். பந்துக்குக் கீழே உள்ள ஒடுங்கிய பகுதியைக் கழுத்து என்பார்கள்.

இளைஞர்களுக்குத் தொடை எலும்பு சாதாரணமாக முறியாது. லோக்கல் ரயிலிலிருந்து விழுந்தாலோ, வண்டி மோதினாலோ, கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்தாலோ முறியும். அப்போது பெரும்பாலும் எலும்பின் நடுப்பகுதி முறியும். வெளியே காயம் இல்லாவிட்டாலும் தொடைக்குள்ளேயே ஒரு லிட்டருக்கு மேல் இரத்தம் கசியலாம். இது உயிருக்கே ஆபத்து.

வயதானவர்களுக்கு எலும்பு மெலிந்துவிடும். பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு இன்னும் வேகமாக மெலியும். ஈரத் தரையில் வழுக்கி விழுந்தாலே போதும். இடுப்புக்கு அருகில், கழுத்துப் பகுதியில் முறிந்துவிடும்.

கட்டினால் சேராதா?

கட்டுப் போடும் பழக்கம் மிகப் பழையது. ஆந்திராவில் உள்ள புத்தூரின் கட்டு நம் மக்களிடையே பெயர் பெற்றது. மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவார்கள். ஆனால் தொடையைச் சுற்றி உடம்பிலேயே பெரிய சதைகள் இருக்கின்றன. எலும்பு முறிந்ததும் அவை இரண்டு துண்டுகளையும் இழுக்கும். ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிடும். வெளியே எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் உள்ளே நேராக நிற்காது. மிகவும் இறுக்கினால் இரத்த ஓட்டம் நின்றுவிடும்.

இங்கிலாந்தில் லிவர்பூல் நகரில் ஹியூ ஓவன் தாமஸ் என்ற டாக்டர் இருந்தார். அவருடைய குடும்பமே எலும்புக் கட்டுக் கட்டும் குடும்பம். அவர் மருத்துவமும் படித்தார். காலை நேராக இழுத்துப் பிடிக்கும் இரும்புச் சட்டம் ஒன்றைச் செய்தார். அவர் உயிரோடு இருந்தவரை அதைப் பலர் மதிக்கவில்லை.

பிறகு முதல் உலகப் போர் வந்தது. போரின் தொடக்கத்தில் குண்டடி பட்டுத் தொடை எலும்பு முறிந்தவர்களில் 10 பேருக்கு 8 பேர் இறந்தார்கள் என்று அக்காலக் குறிப்புகள் கூறுகின்றன. தாமஸின் உறவினரான ராபர்ட் ஜோன்ஸ் என்ற டாக்டர் அந்தச் சட்டத்தைப் போர்முனைக்குக் கொண்டு போனார். 1918-ஆம் ஆண்டுக்குள் இறப்பு 10 பேருக்கு 2 பேர் என்ற அளவுக்குக் குறைந்தது. இன்றும் நம் ஆஸ்பத்திரிகளில் அந்தச் சட்டம் இருக்கிறது. அதன் பெயர் தாமஸ் ஸ்பிளின்ட்.

ஆனாலும் நோயாளி பல வாரம் படுத்தே கிடக்க வேண்டும். காலில் எடை தொங்கும். 1939-ஆம் ஆண்டு ஜெர்மனியில் குன்ட்ஷர் என்ற டாக்டர் புது வழி கண்டார். தொடை எலும்பின் உள்ளே குழல் போன்ற பகுதி உண்டு. அதற்குள் நீளமான உலோகக் கம்பியைச் செலுத்தினார். எலும்பு உள்ளிருந்தே நேராக நின்றது. 'ராடு வைப்பது' என்று நாம் சொல்வது இதைத்தான். இதனால் நோயாளி சீக்கிரமே எழுந்து நடக்க முடிகிறது.

படுக்கைதான் எதிரி

வயதானவர்களுக்கு எலும்பு முறிவை விடப் படுக்கைதான் பெரிய ஆபத்து. அசையாமல் கிடந்தால் முதுகில் புண் வரும். நெஞ்சில் சளி கட்டும். காலில் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலை அடைக்கலாம். ஆகவே, வயதானவர் என்பதற்காக ஆபரேஷனைத் தள்ளிப் போடக் கூடாது. வயதானவர் என்பதால்தான் அவரைச் சீக்கிரம் எழுப்பி உட்கார வைக்க வேண்டும்.

எவ்வளவு சீக்கிரம்?

இதை அறிய ஓர் ஆய்வு நடந்தது. அதன் பெயர் 'ஹிப் அட்டாக்'. முதலில் கனடாவிலும் இந்தியாவிலும் 60 பேரிடம் சிறிய அளவில் செய்து பார்த்தார்கள். பிறகு 2014 முதல் 2019 வரை 17 நாடுகளில், 69 ஆஸ்பத்திரிகளில் பெரிய அளவில் நடந்தது. அந்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. இடுப்புக்கு அருகில் எலும்பு முறிந்த 2,970 பேர் கலந்துகொண்டார்கள். எல்லாரும் 45 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள்.

அவர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். சீட்டுக் குலுக்கிப் போடுவது போலப் பிரித்தார்கள். ஏன் அப்படி? டாக்டரே பிரித்தால் திடமானவர்களை ஒரு பக்கம் சேர்த்துவிடலாம். அப்போது முடிவு தவறாகிவிடும்.

முறிவு தெரிந்த பிறகு ஒரு குழுவுக்குச் சுமார் 6 மணி நேரத்தில் ஆபரேஷன் நடந்தது. மற்றக் குழுவுக்குச் சுமார் 24 மணி நேரத்தில் நடந்தது.

2020-ஆம் ஆண்டு முடிவு வெளியானது. 90 நாட்களுக்குள் முதல் குழுவில் 100 பேருக்கு 9 பேர் இறந்தார்கள். இரண்டாம் குழுவில் 100 பேருக்கு 10 பேர் இறந்தார்கள். இதைப் பெரிய வித்தியாசம் என்று சொல்ல முடியாது. ஆனால் சீக்கிரம் ஆபரேஷன் ஆனவர்களுக்கு மனக் குழப்பம் குறைவாக இருந்தது. ஆள் அடையாளம் தெரியாமல் பேசுவது, இடம் தெரியாமல் தவிப்பது போன்றவையே மனக் குழப்பம். அவர்கள் முன்னதாக எழுந்து நடந்தார்கள். முன்னதாக வீட்டுக்கும் போனார்கள்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. தாமதமான குழுவுக்கும் ஏறக்குறைய ஒரு நாளில் ஆபரேஷன் ஆகிவிட்டது. ஒரு வாரம், இரண்டு வாரம் காத்திருக்கலாம் என்று இந்த ஆய்வு சொல்லவில்லை.

தாமதம் எங்கே ஆகிறது?

இன்னோர் ஆய்வு இதைக் கவனித்தது. இந்தியா உள்பட 18 நாடுகளில், 30,000-க்கும் மேற்பட்ட எலும்பு முறிவு நோயாளிகளிடம் நடந்த ஆய்வு அது. அதன் முடிவும் 2020-இல் வந்தது. ஆஸ்பத்திரியில் சேரத் தாமதமானதற்கு முக்கியக் காரணம் என்ன தெரியுமா? ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து இன்னோர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்படுவதுதான்.

மும்பையிலும் ஆய்வு நடந்திருக்கிறது. 2013 முதல் 2015 வரை மும்பை, தில்லி, கொல்கத்தா நகரங்களின் பெரிய பொது ஆஸ்பத்திரிகளில் அடிபட்டு வந்தவர்களைப் பற்றிய விவரங்களைச் சேர்த்தார்கள். சயான் ஆஸ்பத்திரியும் பரேலில் உள்ள கே.இ.எம். ஆஸ்பத்திரியும் அதில் பங்கு பெற்றன. சுமார் 16,000 பேரின் விவரங்கள் சேர்ந்தன. எப்போது வந்தார்கள், என்ன காயம், பிழைத்தார்களா என்று ஒவ்வொன்றையும் எழுதி வைத்தார்கள். இப்படி எழுதி வைத்தால்தான் குறை எங்கே என்று தெரியும்.

உங்களையும் ஆய்வில் சேரச் சொன்னால்?

பெரிய ஆஸ்பத்திரிகளில் ஆய்வுகள் நடக்கும். உங்கள் வீட்டு நோயாளியையும் சேரச் சொல்லலாம். பயப்பட வேண்டாம். ஆனால் கேட்காமல் கையெழுத்துப் போடவும் வேண்டாம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இதற்கு நெறிமுறைகள் வைத்திருக்கிறது. அதன்படி உங்களுக்கு உரிமைகள் உண்டு.

ஒன்று: உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும். படிவம் மராட்டியிலோ இந்தியிலோ இருந்தால், "தமிழில் சொல்லுங்கள்" என்று கேட்கலாம்.

இரண்டு: படிக்கத் தெரியாதவர் என்றால் ஆய்வைச் சேராத ஒரு சாட்சி பக்கத்தில் இருக்க வேண்டும்.

மூன்று: சேர மாட்டேன் என்று சொல்லலாம். சேர்ந்த பிறகும் விலகலாம். அதனால் சிகிச்சையை நிறுத்தக் கூடாது.

நான்கு: படிவத்தின் நகல் ஒன்றை வாங்கிக்கொள்ளலாம்.

மாட்டுங்காவிலோ செம்பூரிலோ, எங்கே இருந்தாலும் நினைவில் வையுங்கள்:

* விழுந்தவரைத் தூக்கி நிறுத்தாதீர்கள். நடக்க வைக்காதீர்கள்.
* காலை உருவி விடாதீர்கள். எண்ணெய் தேய்க்காதீர்கள்.
* இரண்டு கால்களுக்கும் நடுவே துணி வைத்து, இரண்டையும் சேர்த்து மெதுவாகக் கட்டுங்கள். இறுக்க வேண்டாம்.
* இரத்தம் வழிந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள்.
* சாப்பிடவோ குடிக்கவோ கொடுக்காதீர்கள். ஆபரேஷன் தேவைப்படலாம்.
* 108-க்குப் போன் செய்யுங்கள். எக்ஸ்ரேயும் எலும்பு ஆபரேஷன் வசதியும் உள்ள ஆஸ்பத்திரிக்கே நேராகப் போங்கள்.
* ரேஷன் கார்டு, ஆதார், பழைய மருந்துச் சீட்டு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். பணம் இல்லையென்று திரும்பாதீர்கள். அரசுக் காப்பீட்டைப் பற்றி ஆஸ்பத்திரியின் சமூக சேவகரிடம் கேளுங்கள்.

விழாமல் பார்த்துக்கொள்வது இன்னும் நல்லது. ஏணிக்குக் கைப்பிடி வையுங்கள். வயதானவர்களைக் கீழ் அறையில் படுக்க வையுங்கள். இரவில் ஒரு சிறு விளக்கு எரியட்டும்.

நம் கதையில் மருமகள் சொன்னதுதான் சரி. முதலில் ஆஸ்பத்திரி. அங்கே படிவம் கொடுத்தால், படித்துப் பார்த்து, கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகு கையெழுத்து. நாம் எழுத்துக் கற்றது இதற்கும்தான்.