தோளில் ஒரு தழும்பு

தோழியரே, உங்கள் இடது தோளைச் சற்றுப் பாருங்கள். பயறு அளவில் ஒரு தழும்பு இருக்கும். சிலருக்கு மறைந்தும் போயிருக்கலாம். நாம் பிறந்தபோது போடப்பட்ட பி.சி.ஜி. ஊசியின் அடையாளம் அது. நோயை எதிர்க்க நம் உடல் கற்ற முதல் பாடங்களில் ஒன்று.

இறைவன் படைத்த இவ்வுடலில் காவல் பல அடுக்காக அமைந்துள்ளது. தோலும் மூக்குச் சளியும் வெளி மதில். அதைக் கடந்து வரும் கிருமிகளை வெள்ளணுக்கள் எதிர்கொள்கின்றன. அவற்றில் ஒரு வகை, கிருமியை அப்படியே விழுங்கிச் செரித்துவிடும். மற்றொரு வகையான நிணநீர் அணுக்கள், வந்த பகைவன் யாரென்று இனங்கண்டு நினைவில் வைத்துக்கொள்ளும். ஒருமுறை தட்டம்மை கண்டவருக்கு மறுமுறை பெரும்பாலும் வராதது இந்த நினைவினால்தான். தடுப்பூசி, நோயைத் தராமல் நினைவை மட்டும் தருகிறது.

காசநோய்க் கிருமியோ பெரிய தந்திரக்காரன். தன்னை விழுங்கிய அணுவுக்குள்ளேயே சாகாமல் குடியிருக்கத் தெரிந்தவன். நிணநீர் அணுக்கள் திரண்டு அவனைச் சுற்றி மதில் எழுப்பிச் சிறை வைக்கின்றன. பலருடைய உடலில் அவன் வாழ்நாள் முழுதும் அங்கேயே உறங்கிக் கிடப்பான். சத்துணவு குறைந்தாலோ நீரிழிவு வந்தாலோ காவல் தளரும். அவன் வெளியே வருவான்.

இவனுக்கு எதிராக ஊசி எவ்வளவு பலிக்கிறது என்று அறிய, 1968-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் திருவள்ளூரைச் சுற்றிய ஊர்களில் ஒரு மாபெரும் சோதனை தொடங்கியது. நம் பிள்ளைப்பாக்கமும் அன்று அம்மாவட்டத்தைச் சேர்ந்ததே. சுமார் 2,60,000 பேர் அதில் பங்கு பெற்றனர். சிலருக்கு உண்மையான மருந்து, சிலருக்கு மருந்தில்லாத வெறும் நீர். அவர்களை 15 ஆண்டுகள் கண்காணித்தார்கள். முடிவு உலகத்தையே திகைக்க வைத்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசத்தை ஊசி தடுக்கவில்லை!

ஏன்? காசக் கிருமிக்கு உறவான, தீங்கு குறைந்த கிருமிகள் நம் மண்ணிலும் நீரிலும் ஏராளம். அவற்றோடு முன்பே பழகிவிட்ட உடலில் ஊசியின் பாடம் புதிதாகப் பதிவதில்லை என்பது அறிஞர் பலரின் கருத்து. ஆயினும் குழந்தைகளின் மூளை உறையைத் தாக்கும் கொடிய காசத்திலிருந்து இவ்வூசி காப்பதால், பிறந்த குழந்தைக்கு இன்றும் அதைப் போடுகிறார்கள்.

"ஊசிதான் போட்டாயிற்றே, நமக்கு வராது" என்று இருமலை அலட்சியம் செய்வோர் நம்மிடையே உண்டு. சிப்காட் ஆலை வேலைக்காக வெளியூரிலிருந்து வந்து, ஓர் அறையில் பலராகத் தங்கும் அக்காமார் நிறைந்த ஊர் நமது. பெண்ணுக்கு இந்நோய் என்று தெரிந்தால் வரன் அமையாது என்று வீட்டார் மறைப்பதும் நாம் கேள்விப்படாததல்ல. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் அரசு மருத்துவமனையில் சளியைச் சோதிக்கக் கட்டணமில்லை, மாத்திரைக்கும் கட்டணமில்லை. வழக்கமாக ஆறு மாதம் விடாமல் விழுங்க வேண்டும். இரண்டு மாதத்தில் இருமல் நின்றதென்று நிறுத்திவிட்டால், எஞ்சிய கிருமி அந்த மருந்துக்கே அடங்காததாக மாறிவிடக்கூடும்.