ஹோர்னுக்கு ஏற்ற குரல்

சாய்ந்தமருதிலிருந்து புடவைக்கடைக்காரர் ஒருவர் எழுதியிருக்கிறார். பெருநாள் வியாபாரத்துக்கு விளம்பரம் பதிந்து, ஓட்டோவில் ஹோர்ன் ஸ்பீக்கர் கட்டி ஊர் ஊராக விடப்போகிறாராம். 'நல்ல பேஸ் வொய்ஸ்' உள்ள ஆள் வேண்டுமாம். ஆளைக் காட்டிவிட என்னால் முடியாது. அந்த 'பேஸ்' பற்றித்தான் கொஞ்சம் பேசவேண்டும்.

'பேஸ்' என்கிற கட்டைக்குரலில் பாதி மைக்கின் வேலை. ஒரு பக்கத்து ஒலியை மட்டும் வாங்கும் மைக்குக்கு வாயை நாலு விரல் கிட்டத்தில் கொண்டுபோனால் கீழ்ச்சுருதி தானாகவே தடிக்கும். கலையகத்தில் ஹெட்போன் மாட்டியிருக்கும் முதலாளி சொக்கிப்போவார். அதே பதிவை ஹோர்னில் விட்டால் என்ன ஆகும்? ஆணின் குரலுக்கு அடிச்சுருதி செக்கனுக்கு 100 அதிர்வை ஒட்டியது. ஹோர்னோ சில நூறு அதிர்வுக்குக் கீழே உள்ளதைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். மேலே எஞ்சும் துணை அதிர்வுகளை வைத்து அடிச்சுருதியை மூளை ஊகித்துக்கொள்வதால் பேசுவது ஆண்பிள்ளை என்று தெரியும். கம்பீரம் மட்டும் கலையகத்தோடு நின்றுவிடும். தப்பிவந்த கொஞ்சத்தையும் பஸ் இஞ்சினின் உறுமல் மூடிவிடும். வீதியில் சொல்லைப் புரியவைப்பவை க, ச, ட, த போன்ற மெய்யொலிகள். அவற்றின் கூர்மை 2000 அதிர்வை ஒட்டியும் அதற்கு மேலும் இருக்கிறது. ஹோர்ன் அதை நன்றாகவே தூக்கிக் கொடுக்கும்.

மருதமுனைச் சாரன் வாங்கும்போது கடைக்குள் டியூப்லைட்டில் பார்த்து நிறத்தை நம்புகிறோமா? வாசலுக்கு எடுத்துவந்து வெயிலில் விரிப்போம். குரலுக்கு மட்டும் அந்தப் புத்தி வருவதில்லை.

உச்சரிப்பே தூரம் போகும் என்பதற்கு வானொலியே சாட்சி. இலங்கை வானொலி வர்த்தக ஒலிபரப்பை 1950இல் தொடங்கியது. இந்திய அரசு வானொலி 1967 வரை விளம்பரம் எடுக்காததால், இந்தியக் கம்பனிகளின் விளம்பரங்களும் கொழும்பிலிருந்தே போயின. அறிவிப்பாளர் எஸ்.பி. மயில்வாகனத்தின் பேச்சைத் தமிழ்நாட்டு வீடுகள் காத்திருந்து கேட்டன. பின்னால் வந்த பி.எச். அப்துல் ஹமீதை இன்றும் எல்லோருக்கும் தெரியும். சிற்றலையில் குரல் தேயும், இரையும், திடீரென்று அமுங்கும். அதைக் கடந்து வந்தது அவர்களுடைய உச்சரிப்பு. கட்டைத்தொண்டையை நம்பியிருந்தால் கடல் தாண்டியிராது.

தெரிவு செய்யும்போது முகத்தைப் பார்க்காதீர்கள். 1952இல் பொஸ்டன் இசைக்குழு, வாசிக்க வந்தவர்களைத் திரைக்குப் பின்னால் இருத்திக் கேட்டது. நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாலே போதும். முதல் வாசிப்பை வைத்து முடிவெடுக்கவும் வேண்டாம். அதற்குப் பலர் வீட்டில் பாடம் பண்ணிக்கொண்டு வருவார்கள். "விலையைச் சொல்லும் இடத்தில் மெதுவாக, பக்கத்து வீட்டு மாமிக்குச் சொல்வதுபோல" என்று மாற்றிக் கேளுங்கள். இரண்டாம் தரம் உண்மையிலேயே மாறுகிறதா, சத்தம் மட்டும் கூடுகிறதா என்பதில்தான் ஆள் தெரிவார்.

எனக்கொரு மனக்குறை உண்டு. நம் பக்கத்து விளம்பரங்கள் பலவற்றில் பேசுகிறவர் சென்னைச் சினிமா விளம்பரத்திலிருந்து இறங்கிவந்தவர் போலவே இருக்கிறார். 'பிறகு' என்பதை 'மறுகா' என்று இயல்பாகச் சொல்லத் தெரிந்த கல்முனைக்குடி உம்மாமாரும் வாப்பாமாரும் மைக்குக்கு முன்னால் வருவதே இல்லை. வாங்குவோரில் பாதிக்கு மேல் பெண்களாக இருக்கும் புடவைக்கடைக்குக்கூட ஓர் ஆண்தான் இடிமுழக்கம் செய்யவேண்டுமா? கூலி விஷயத்திலும் எனக்கு மனக்குறைதான். ஒரு பெருநாளுக்கென்று பதிந்த குரலை வருடக்கணக்கில் ஓட்டுகிறார்கள். இப்போது கொஞ்ச நேரப் பதிவை வைத்தே கணினியில் அதே குரலை வேறு வசனம் பேசவைக்கலாம். எந்த விளம்பரத்துக்கு, எத்தனை மாதத்துக்கு, எவ்வளவு பணம் என்பதைப் பதிவுக்கு முன்பே எழுதிக் கொடுப்பதுதான் நியாயம்.

நீங்கள் செய்யவேண்டியது இதுதான், காக்கா. மூன்று பேரைப் பதியுங்கள், ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். பகல் நெரிசலில் கல்முனை பஸ் நிலையத்துப் பக்கம் ஓட்டோவை மெதுவாக விடுங்கள். தேத்தண்ணிக் கடையில் இருப்பவர்களிடம் குரல் எப்படி என்று கேட்காதீர்கள். கடையின் பெயர் என்ன, எந்தச் சந்தி, சாரி என்ன விலை என்று கேளுங்கள்.