மேல்தட்டில் ஐஸ், அடித்தட்டில் புளிப்பு

இட்லி மாவுப் பாக்கெட் விற்காத மளிகைக்கடை இன்று குறைவு. மாலையில் வாங்கி வைத்த பாக்கெட் மறுநாள் காலையில் பலூன் போல உப்பிக் கிடப்பதும் நம்மில் பலர் கண்டதுதான். உடனே மாவு போடுபவரிடம் சண்டைக்குப் போகிறோம். அல்லது மெக்கானிக்கை அழைத்து காஸ் ஏற்றச் சொல்கிறோம். காஸ் ஏற்றிய பிறகும் மேல்தட்டு மாவு கல்லாக உறைகிறது, அடித்தட்டு மாவு புளிக்கிறது.

மேல்தட்டு உறைகிறது என்றால் பிரிட்ஜில் குளிர் உண்டாகிறது. அது கீழே வந்து சேரவில்லை என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். முகப்பில் தெரியும் எண்ணை நம்ப வேண்டாம். அது சென்சார் இருக்கும் ஓர் இடத்தின் கணக்கு. இரவு கடை சாத்தும்போது மூன்று டம்ளரில் தண்ணீர் ஊற்றி மேல், நடு, கீழ்த்தட்டுகளில் வையுங்கள். காலையில் சரக்கை எடுக்குமுன் தெர்மாமீட்டரை விட்டுப் பாருங்கள். மூன்றும் 5 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கீழே மட்டும் 9, 10 என்று காட்டினால் காற்றோட்டத்தில்தான் கோளாறு.

கண்ணாடிக் கதவு பிரிட்ஜில் பெரும்பாலும் மேலே உள்ள மின்விசிறிதான் குளிர்காற்றைச் சுற்றி அனுப்புகிறது. கம்பித் தட்டின் மேல் அட்டையை விரித்தாலோ, பின்சுவரை ஒட்டிச் சரக்கை அடைத்தாலோ அந்தக் காற்றுக்கு வழி ஏது? இடம் வீணாகிறதே என்று நாம் நிரப்பும் அந்த நாலு விரல் இடைவெளிதான் அதன் பாதை.

மாவிலும் ஒரு சூட்சுமம் உண்டு. புளிக்கும் மாவு தானே சிறிது சூட்டை உண்டாக்கும். கெட்டியாக இருப்பதால் தண்ணீரைப் போல உள்ளுக்குள் சுழலாது. நடுவிலுள்ள சூடு மெல்ல ஊர்ந்துதான் வெளியேற வேண்டும். கனம் இரண்டு மடங்கானால் குளிரும் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். ஒரு சித்திரை மாதம் எங்கள் கடையில் பாக்கெட்டுகளை வந்த டப்போடு அப்படியே உள்ளே வைத்தோம். ஓரத்தில் இருந்தவை தப்பின. நடுவில் இருந்த 26 பாக்கெட் குப்பைக்குப் போயின. பீர் ஆலைகளிலும் இதே தலைவலி உண்டு. அங்கே பெரிய தொட்டிகளைச் சுற்றிப் பல மட்டங்களில் குளிர்திரவம் ஓடும் உறை வைத்துச் சமாளிக்கிறார்கள். நமக்குக் கைச்செலவில்லாத வழி, பாக்கெட்டுகளைத் தட்டையாக, ஒன்றின் மேல் ஒன்று ஏற்றாமல் பரப்பி வைப்பது. குளிர்ந்த பின் அடுக்கிக்கொள்ளலாம். மாவு போடுபவர் குளிரவைத்தே கொண்டுவந்தால் இன்னும் நல்லது.

கதவு ரப்பரையும் பாருங்கள். ஒரு காகிதத்தை இடையில் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்தால், அது இறுக்கமாக வர வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பரை மாற்றுங்கள். மிளகாய்த்தூளும் மாவுத்தூசியும் பறக்கும் நம் கடைகளில் கண்டென்சர் வலை சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மாதம் ஒருமுறை பிரஷ்ஷால் தட்டுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் சரியாகாவிட்டால் மெக்கானிக்கைக் கூப்பிடலாம். விசிறி ஓடுகிறதா, குளிர்க்குழாயில் ஐஸ் மூடியிருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். ‘காஸ் குறைந்துவிட்டது’ என்று அவர் சொன்னால், எங்கே ஒழுகுகிறது என்று கேளுங்கள். காஸ் ஓடி ஓடித் தீரும் பொருளல்ல. ஒழுகலை அடைக்காமல் ஏற்றும் காஸுக்கு மறுபடியும் பில் வரும்.