லாரியில் வந்த மாட்டுக்கு முதலில் தண்ணீர், பிறகு ஊசி

சம்பா அறுவடை முடிந்து கையில் நாலு காசு புரளும் மாசி மாதத்தில்தான் எங்கள் டெல்டாப் பக்கம் மாடு வாங்குவார்கள். மணப்பாறைச் சந்தையில் பிடித்த மாடு விடியற்காலையில் மினி லாரியில் வந்து இறங்கும். அப்படி இறங்கிய ஒரு பசுவைக் கிட்டே நின்று பார்த்தேன். நல்ல மாட்டின் மூக்கு முத்து முத்தாக வியர்த்திருக்கும். இதற்கோ காய்ந்து வெடித்திருந்தது. முன்னங்கால் முட்டியில் தோல் வழன்று, பின்கால் வெடவெடத்தது. வைக்கோலை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. “அலுப்புதான், நாளைக்குச் சரியாயிடும்” என்றார் வாங்கியவர். வெறும் அலுப்பில்லை அது.

உடம்புக்குள் நடப்பது

நெரிசலில் நின்று, ஒவ்வொரு பிரேக்குக்கும் காலை ஊன்றிச் சமாளித்து வரும் மாட்டின் ரத்தத்தில் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் ஏறுகிறது. நோய் எதிர்ப்பு தணிகிறது. இடிபட்ட தசைகளில் அழற்சி கிளம்புகிறது. தொண்டையில் சும்மா கிடந்த கிருமிகள் நேரம் பார்த்து நுரையீரலுக்கு இறங்குகின்றன. பயணக் காய்ச்சல் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். நம் ஊர் மாடுகளைச் சாய்க்கும் தொண்டை அடைப்பானும் அலைச்சல் பட்ட மாட்டைச் சுலபமாகப் பிடிக்கும்.

வளர்க்க வாங்கும் மாடுகள் மட்டுமல்ல, டிராக்டர் வந்தபின் வேலையற்றுப்போன உழவு மாடுகளும் காளைக்கன்றுகளும் இறைச்சிக்காகக் கேரளத்துக்கு லாரி ஏறுகின்றன. வெட்டப்போகிற மாடுதானே என்று யாரும் நினைக்க வேண்டாம். வலி அதற்கும் வலிதான். அலைக்கழிந்த மாட்டின் கறி கறுத்து, சீக்கிரம் கெட்டும் போகும்.

1978ஆம் ஆண்டு விலங்குப் போக்குவரத்து விதிகளின்படி ஒரு சரக்கு வண்டியில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றக் கூடாது. தரையில் வழுக்காத விரிப்பு வேண்டும். மாடு இன்ஜினைப் பார்த்து நிற்பது நல்லது என்றுகூட அதில் இருக்கிறது. இவற்றைக் கடைப்பிடித்தாலே பாதி அழற்சி கிளம்பாது என்பது என் எண்ணம்.

ஊசி எப்போது?

மெலாக்சிகாம் என்ற மருந்து வலியையும் வீக்கத்தையும் காய்ச்சலையும் தணிக்கும். அமெரிக்காவில் இறைச்சி மாடுகளுக்கு நெடும்பயணத்துக்கு முன்பே இதைக் கொடுத்துச் சோதித்திருக்கிறார்கள். பயன் உண்டு. ஆனால் தாகத்தையும் நெரிசலையும் எந்த மருந்தும் போக்காது.

இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். உடம்பில் நீர் வற்றிய மாட்டுக்கு இவ்வகை மருந்தைப் போட்டால் சிறுநீரகம் கெடலாம், வயிற்றில் புண் வரலாம். அதனால் இறங்கியதும் நிழலில் கட்டி, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டுங்கள். பிறகு வைக்கோல், பசும்புல். பாவம் பசியாக இருக்குமே என்று ஒரு குண்டான் சோற்றை வைத்துவிடாதீர்கள். பட்டினி கிடந்த வயிற்றில் அமிலம் ஏறி மாடு படுத்துவிடும். டெல்டாவில் இந்தத் தவறு அன்பினால்தான் நடக்கிறது.

ஊசி மாட்டு டாக்டர் பார்த்துப் போட வேண்டியது. சினையா, வேறு மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று அவர் கேட்பார். போட்டபின் எத்தனை நாள் பாலைக் கறந்து கொட்ட வேண்டும், எத்தனை நாள் கறிக்கு விற்கக் கூடாது என்று நீங்கள் அவரைக் கேளுங்கள்.

மருந்தின் பெயரைக் கேளுங்கள்

இதே வகை வலிமருந்தான டைக்ளோஃபெனாக் போட்ட மாடு செத்தால், அதைத் தின்னும் பாறுக் கழுகு சிறுநீரகம் செயலிழந்து சாகும். இந்தியாவின் பாறுக் கழுகுகளில் பெரும்பங்கு அப்படித்தான் அழிந்தது. 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. 2023இல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் இரண்டும். மெலாக்சிகாம் பாறுகளைக் கொல்வதில்லை. தமிழ்நாட்டில் எஞ்சிய பாறுகள் பெரும்பாலும் நீலகிரி அடிவாரத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கின்றன. நம் தொழுவத்து மாடு கைமாறிக் கைமாறி எந்த ஊரில் சாகும் என்று யாருக்குத் தெரியும்? மனிதருக்கான டைக்ளோஃபெனாக் ஊசியை மருந்துக்கடையில் வாங்கி மாட்டுக்குப் போடும் பழக்கத்தை இன்றே விட வேண்டும்.

அடுத்த பத்து நாள்

புது மாட்டைப் பழைய மாடுகளோடு உடனே கட்டாதீர்கள். காலையில் அசை போடுகிறதா, மூக்கு ஈரமாக இருக்கிறதா பாருங்கள். மூக்கில் சளி, இருமல், வேகமான மூச்சு, தொண்டையில் வீக்கம், இதில் எது தென்பட்டாலும் ஒரு நாள்கூடக் காத்திருக்காமல் கால்நடை ஆம்புலன்ஸை 1962 என்ற எண்ணில் அழையுங்கள்.