மூடுபனி மலையில் சூரிய மின்சாரம்!

ஊட்டி என்றதும் என்ன நினைவுக்கு வரும்? குளிர், மூடுபனி, ஸ்வெட்டர், மலை ரயில்... சரிதானே? 'அந்த ஊரில் வீட்டுக் கூரையில் சூரிய மின்சாரம் எடுக்க முடியுமா?' என்று கேட்டால், பலரும் உதட்டைப் பிதுக்குவார்கள். முடியும் குட்டீஸ்!

சோலார் பேனலுக்குத் தேவை வெளிச்சம்தான், வெப்பம் அல்ல. பேனலில் உள்ள சிலிக்கான் செல்கள் மீது வெளிச்சம் பட்டதும் எலக்ட்ரான்கள் நகரத் தொடங்கும். அதுதான் மின்சாரம். செல்கள் அதிகம் சூடானால் உற்பத்தி குறையும். 25 டிகிரி செல்சியசைத் தாண்டினால், ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் போய்விடும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வீசும் குளிர்காற்று பேனலுக்கு நண்பன்! எதிரி யார் தெரியுமா? மேகமும் மூடுபனியும்தான். பருவமழை மாதங்களில் மின்சாரம் குறைவாகத்தான் கிடைக்கும்.

முதலில் நிழல்!

பேனல் பொருத்த வருபவர்கள் முதலில் கூரையைப் பார்ப்பார்கள். 1 கிலோவாட் பேனல்களுக்குச் சுமார் 10 சதுர மீட்டர் இடம் வேண்டும். நல்ல வெயில் நாளில் இவை சுமார் 4 யூனிட் மின்சாரம் தரும்.

அந்த இடத்தில் நிழல் விழக் கூடாது. நீலகிரியில் கற்பூர மரங்களும், தேயிலைத் தோட்டத்து சில்வர் ஓக் மரங்களும் ஓங்கி நிற்குமே! பேனலில் செல்கள் வரிசையாக இணைக்கப்பட்டுள்ளன. ஒன்றின் மேல் நிழல் விழுந்தாலும் அந்த வரிசையே சோர்ந்துவிடும். ஒற்றையடிப் பாதையில் முன்னால் போகிறவர் நின்றால், பின்னால் வருபவர்களும் நிற்க வேண்டியதுதானே? அதுபோலத்தான்.

கூரை தகரமா, ஓடா, கான்கிரீட்டா? பேனல்களின் எடையையும் மலைக்காற்றின் வேகத்தையும் தாங்குமா? இதையும் சோதிப்பார்கள்.

எவ்வளவு சாய்வு?

பேனலைத் தெற்கு நோக்கிச் சற்றே சாய்த்து வைப்பார்கள். ஊட்டி, பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 11 டிகிரியில் உள்ளது. எனவே சாய்வும் ஏறக்குறைய 11 டிகிரி!

இதே கணக்கில் அமைந்த பெரிய கருவி ஒன்று ஊட்டி அருகே முத்தோரையில் இருக்கிறது. அதுதான் 1970-ல் கட்டி முடிக்கப்பட்ட ரேடியோ தொலைநோக்கி. நீளம் 530 மீட்டர். விஞ்ஞானி கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் 11 டிகிரி சரிவுள்ள மலையைத் தேடிப் பிடித்து, அதன் மேல் இதை அமைத்தார்கள். இதனால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருக்கிறது.

கரண்ட் போனால்?

பேனல் தருவது நேர் மின்சாரம். இன்வெர்ட்டர் அதை வீட்டுக்கு ஏற்ற மாறு மின்சாரமாக மாற்றும். பகலில் மிஞ்சுவது மின்வாரியக் கம்பிக்குப் போகும். இரவில் அங்கிருந்து நமக்கு வரும். இரண்டையும் கணக்கிட, இருவழி மீட்டர் பொருத்துவார்கள். இடி, மின்னலில் இருந்து காக்க இடிதாங்கியும் 'எர்த்' கம்பியும் உண்டு.

இப்போது ஒரு கேள்வி. மழையில் மரம் விழுந்து கரண்ட் போய்விட்டது. மேகம் விலகி வெயிலும் வந்துவிட்டது. நம் வீட்டில் மட்டும் விளக்கு எரியுமா?

பேட்டரி இல்லாத வீட்டில் எரியாது! கம்பியில் மின்சாரம் நின்றதும் இன்வெர்ட்டர் தானாகவே நின்றுவிடும். ஏன் தெரியுமா? அறுந்த கம்பியைச் சரிசெய்ய லைன்மேன் கம்பம் ஏறியிருப்பார். நம் வீட்டு மின்சாரம் அந்தக் கம்பியில் பாய்ந்தால், அவர் உயிருக்கே ஆபத்து. நாம் சிறிது நேரம் இருட்டில் இருப்பது, ஓர் உயிரைக் காப்பதற்காகத்தான்! இதை முன்பே தெரிந்துகொண்டால், 'பேனல் பழுது' என்று பயப்பட வேண்டாம்.

செலவுக்கு உதவி உண்டா? 2024-ல் தொடங்கிய பிரதமரின் 'சூர்ய கர்' திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு ரூ.30,000, 2 கிலோவாட்டுக்கு ரூ.60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் ரூ.78,000 மானியம் அறிவிக்கப்பட்டது. மின்வாரியம் பார்வையிட்டு மீட்டர் பொருத்திய பிறகே மானியம் வங்கிக் கணக்குக்கு வரும்.

செய்து பாருங்கள்!

மார்ச் 21 அல்லது செப்டம்பர் 23 நண்பகலில், சமமான தரையில் 1 மீட்டர் குச்சியை நேராக நடுங்கள். ஊட்டியில் என்றால் சுமார் 20 செ.மீ. நிழல் வடக்கே விழும். உங்கள் ஊரில் எவ்வளவு? அளந்து பாருங்களேன்!