அயலாராய் அமரும் வகுப்பறை

பிறர் இல்லத்து விருந்தில் அமர்ந்திருக்கிறோம். வீட்டார் தம் குடும்பத்தின் பழைய துயரமொன்றைப் பேசத் தொடங்குகின்றனர். எழுந்து செல்லவும் மனம் வரவில்லை. இடையே பேசவும் நா எழவில்லை. இத்தகைய சங்கடத்தை நம்மில் அறியாதார் யார்? அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் மாணவர் பலர் இதனையொத்த மனநிலையுடன் ஒரு வகுப்பில் அமர்கின்றனர்.

கறுப்பின மக்கள், அந்நாட்டின் பூர்வகுடிகள், ஆசிய வழியினர், லத்தீன் அமெரிக்க வழியினர் ஆகிய நான்கு பிரிவினரின் வரலாற்றையும் பண்பாட்டையும் கற்பிக்கும் வகுப்பு அது. எளிதில் கிடைத்த பாடமன்று. 1968 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோ அரசுக் கல்லூரியில் கறுப்பின மாணவரும் பிற சிறுபான்மை இன மாணவரும் வகுப்புகளைப் புறக்கணித்துப் போராடினர். தம் முன்னோரின் வாழ்வும் கல்லூரிப் பாடமாக வேண்டும் என்பது அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்று. ஏறத்தாழ ஐந்து மாதங்கள் நீடித்த அப்போராட்டம் 1969 மார்ச்சில் முடிவுற்றது. அவ்வாண்டிலேயே இக்கல்விக்கெனத் தனிப் புலம் அங்கே தோன்றியது. பின்னர் 2020-இல் இயற்றப்பட்ட மாநிலச் சட்டம், கலிபோர்னியா அரசுப் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பட்டம் பெறுவோர் இப்பாடங்களுள் ஒன்றையேனும் பயில வேண்டும் என விதித்தது.

எனவே விரும்பி வந்தவரும் விதிக்காக வந்தவரும் அங்கே அருகருகே அமர்கின்றனர். அடிமை வாணிகத்தின் கொடுமைகள் விவரிக்கப்படும்போது வெள்ளையின மாணவர் ஒருவர் தலைகவிழ்ந்து, 'நான் செய்யாத குற்றத்திற்கு நான் ஏன் கூனிக்குறுக வேண்டும்?' என எண்ணுகிறார். அவ்வகுப்பிலுள்ள ஒரே கறுப்பின மாணவரின் நிலையோ வேறு. எல்லாருடைய பார்வையும் அவர்மேல் திரும்புகிறது. கோடிக்கணக்கான மக்களின் சார்பில் அவர் ஒருவரே விடை கூற வேண்டுமாம்!

இவ்விருவரினும் வருந்தத்தக்க நிலையில் மூன்றாமவர் ஒருவர் உண்டு. தம் மக்களைப் பற்றிய வகுப்பிலேயே அயலாராய் அமர்ந்திருப்பவர் அவர். பென்சில்வேனியாவிலுள்ள கார்லைல் என்னும் ஊரில் 1879 முதல் 1918 வரை பூர்வகுடிப் பிள்ளைகளுக்கென உண்டுறை பள்ளியொன்று நடைபெற்றது. அங்கே பிள்ளைகளின் நீண்ட கூந்தல் வெட்டப்பட்டது. தாய்மொழி பேசுவது தடுக்கப்பட்டது. அத்தகைய பள்ளிகளில் பயின்றோரின் வழித்தோன்றல் ஒருவர், தம் மூதாதையர் மொழியின் முதற்சொல்லை இன்று கல்லூரியில் கற்க நேரிடலாம். முகம் அம்மக்களின் முகம். நாவோ அம்மொழியை அறியாது.

இச்சங்கடத்தினால் பயன் யாது? டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் என்னும் கறுப்பின அறிஞரின் இளமை நிகழ்ச்சியொன்று இதற்கு ஒளி தருகிறது. 1903-இல் வெளிவந்த தம் நூலில் அவரே அதனைக் கூறியுள்ளார். பள்ளிப் பிள்ளைகள் அழகிய பெயர்ச்சீட்டுகளை வாங்கித் தமக்குள் பரிமாறி மகிழ்ந்தனர். புதிதாக வந்த சிறுமி ஒருத்தி மட்டும் அவர் நீட்டிய சீட்டை ஏற்க மறுத்துவிட்டாள். தாம் மற்றவரினும் வேறானவராகக் கருதப்படுகிறோம் என்பது அக்கணத்தில் அச்சிறுவருக்கு விளங்கிற்று. பின்னாளில், 1895-இல், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. ஆயினும் பிறர் கண்கொண்டே தம்மை எப்போதும் நோக்க வேண்டியிருந்த வேதனையைப் பட்டமும் புகழும் போக்கிவிடவில்லை.

அந்த வெள்ளையின மாணவர் வாரத்திற்கு மூன்று மணி நேரம் உணர்வதை டு பாய்ஸ் வாழ்நாள் முழுதும் சுமந்தார். மணி அடித்ததும் மாணவர் வெளியேறலாம். டு பாய்ஸுக்கு மணி அடிக்கவேயில்லை. இவ்வேறுபாட்டை உணர்ந்தவர் அப்பாடத்தின் பாதியைக் கற்றவர் ஆகிறார். நூல் தரும் அறிவு மீதிப் பாதி.

ஆனால் வெட்கம் வேறு, அறிவு வேறு. தம் மனவருத்தத்தையே எண்ணிக்கொண்டிருப்பவர் பிறர் துயரைச் செவிமடுப்பதில்லை. தமக்கு ஆறுதல் கூறுவது வகுப்பின் கடமை என எதிர்பார்ப்பவர், காயமுற்றவரையே மருத்துவராக்குகிறார். முன்னோர் செய்ததற்கு எந்த மாணவரும் குற்றவாளி அல்லர்; அதனை அறிந்துகொள்ள மறுப்பின், அம்மறுப்பு மட்டும் அவருடையதே. ஆசிரியருக்கும் இங்கே பெரும் பொறுப்புண்டு. எந்த மாணவரையும் ஓர் இனத்தின் பிரதிநிதியாக நிறுத்தாமல், அவரவர் தமக்காகப் பேச அவர் இடமளித்தல் வேண்டும்.

அன்பார்ந்த பெற்றோரே! கடல் கடந்து பயிலச் செல்லும் நம் பிள்ளைகளும் ஒருநாள் இத்தகைய வகுப்பில் அமரக்கூடும். 'எனக்கு இங்கே ஒட்டவில்லை' என்று அவர்கள் தொலைபேசியில் கூறும்போது, 'பாடத்தை மாற்றிக்கொள்' என உடனே அறிவுரை கூறாதிருப்போம். 'அங்கே யார் பேசினார்? என்ன கூறினார்?' என்று வினவுவோம். அவ்வினாவிற்கு விடை தேடவாவது அடுத்த வகுப்பில் அவர்கள் சற்றுக் கூர்ந்து செவிசாய்ப்பர்.