பெயரே கட்டளையாக மாறினால்?

இணையப் படிவத்தில் உங்கள் பெயரைத் தட்டச்சு செய்கிறீர்கள். அந்தப் பெயரே கணினிக்குக் கட்டளையாகிவிட்டால் என்ன ஆகும்? 'எஸ்கியூஎல் ஊடுருவல்' எனப்படும் தாக்குதல் இப்படித்தான் நடக்கிறது.

இணையத்தளங்கள் விவரங்களைத் தரவுத்தளத்தில் அட்டவணைகளாகச் சேமிக்கின்றன. அவற்றைக் கேட்டுப் பெற உதவும் மொழி எஸ்கியூஎல். பள்ளித் தளம் ஒன்றில் நீங்கள் கவிதா என்று தேடினால், நிரல் ஒரு கட்டளையை உருவாக்கும். அதைத் தமிழில் எழுதிப் பார்ப்போம்:

மதிப்பெண்ணைக் காட்டு: பெயர் = 'கவிதா'

பெயர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை மேற்கோள் குறிகளே கணினிக்குச் சொல்கின்றன. ஒருவர் கவிதா' அல்லது '1'='1 என்று தட்டச்சு செய்தால், கட்டளை இப்படி மாறும்:

மதிப்பெண்ணைக் காட்டு: பெயர் = 'கவிதா' அல்லது '1'='1'

அவர் சேர்த்த மேற்கோள் குறி பெயரை அங்கேயே முடித்துவிடுகிறது. மீதி எழுத்துகள் கட்டளையோடு சேர்ந்துகொள்கின்றன. 1 எப்போதும் 1க்குச் சமம்தானே? எனவே எல்லா மாணவர்களின் மதிப்பெண்ணும் திரையில் வந்துவிடும்!

அனுபவசாலிகள் எழுதிய மென்பொருளிலும் இந்த ஓட்டை வருவதுண்டு. தரவுத்தளங்களை உலாவி வழியாக நிர்வகிக்க 1998 முதல் பயன்பட்டுவரும் இலவச மென்பொருள் பிஎச்பி மைஅட்மின். 2020 மார்ச்சில் அதில் ஒரு குறை வெளியானது. சர்வரில் நுழைய அனுமதியுள்ள ஒருவர், கட்டளையை ஒளித்துவைத்த பயனர் பெயர் ஒன்றை உருவாக்கலாம். அந்தக் கணக்கின் உரிமைகளை நிர்வாகி திருத்தும்போது அக்கட்டளை இயங்கிவிடும். 4.9.5, 5.0.2 ஆகிய பதிப்புகளில் இக்குறை சரிசெய்யப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தப் பெயர் ஏற்கெனவே தரவுத்தளத்துக்குள் இருந்தது. உள்ளே இருப்பதால் மட்டும் ஒரு விவரத்தை நம்பிவிட முடியாது. அதுவும் ஒருநாள் யாரோ தட்டச்சு செய்ததுதான்.

தடுப்பது எப்படி? கட்டளையை வெற்றிடத்துடன் முதலில் தரவுத்தளத்திடம் கொடுத்துவிட்டு, பெயரைத் தனியாக அனுப்ப வேண்டும். அப்போது மேற்கோள் குறியும் பெயரின் ஓர் எழுத்தாகவே கருதப்படும். பள்ளித் திட்டப்பணிக்குத் தளம் உருவாக்கும்போது இம்முறையைப் பின்பற்றுங்கள். மென்பொருளையும் அவ்வப்போது புதுப்பியுங்கள்.

ஓர் எச்சரிக்கை: பிறர் தளத்தில் இதைச் சோதித்துப் பார்க்காதீர்கள். அனுமதியின்றி நுழைவது மலேசியாவின் 1997ஆம் ஆண்டு கணினிக் குற்றச் சட்டப்படி குற்றமாகும். சொந்தக் கணினியில் ஒரு மாதிரித் தரவுத்தளம் போதும், கற்றுக்கொள்ள.